மாதாந்த மாநாட்டில் யார் முதலில் பேசுவது?

கேள்வி கேட்டவர் ஓர் இளம் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சில வருடம் வாட்டில் வேலை செய்தபின், திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பிரிவுக்குச் சுகாதார வைத்திய அதிகாரியாக (எம்.ஓ.எச்.) நியமனம் கிடைத்திருக்கிறது. அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: "தலைமைத்துவம் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் கந்தோரில் இருப்பவர்களுக்கு என்னைவிட இருபது வருட அனுபவம் கூட. எம்.எஸ்சி. முடித்துவிட்டுத்தான் நிர்வாகத்துக்கு வந்திருக்க வேண்டுமா? கொழும்பிலிருந்து இவ்வளவு தூரத்தில் எனக்கென்று ஒரு தொழில்சார் சமூகம் கிடைக்குமா? வாட்டில் இருக்கும் நண்பர்கள், 'நீ இனி கோப்பு டொக்டர்' என்கிறார்கள்."

நான் டொக்டர் அல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகராகச் சேர்ந்து, மேற்பார்வைப் பரிசோதகராக ஓய்வு பெற்றவன். முழுச் சேவையும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே கழிந்தது. பதினொரு எம்.ஓ.எச்.மாரிடம் வேலை செய்திருக்கிறேன். சிலர் ஆறு மாதம், சிலர் ஐந்து வருடம். யார் போனபின் பிரிவு நிமிர்ந்து நின்றது, யார் போனபின் சரிந்தது என்பதைக் கீழே இருந்து பார்த்தவன் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன். வயதுக்கு நீங்கள் என் மகள் மாதிரி. ஆனாலும் டொக்டர் என்றே கூப்பிடுகிறேன், அந்தக் கதிரைக்கு அந்த மரியாதை வேண்டும்.

படிப்பைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகமான பி.ஜி.ஐ.எம்.மில் சமூக மருத்துவம், மருத்துவ நிர்வாகம் இரண்டுக்கும் எம்.எஸ்சி., எம்.டி. இருக்கின்றன. வசதி வரும்போது கட்டாயம் போங்கள். எண்களை வாசிக்கவும், வரவுசெலவைத் தயாரிக்கவும், மேலிடத்தோடு எழுத்தில் வாதாடவும் அந்தப் படிப்பு உதவும். ஆனால் அது முடியும்வரை உங்களைப் பாதி ஆளாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். நான் பார்த்த ஆகச் சிறந்த எம்.ஓ.எச். ஒருவர், அந்த நேரம் வெறும் எம்.பி.பி.எஸ். மட்டும்தான்.

இனி, "கோப்பு டொக்டர்" என்ற பேச்சு. 1926இல் களுத்துறையில் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது எடுத்த முடிவு ஒன்றுதான்: ஓர் எல்லைக்குள் வாழும் அத்தனை பேரின் சுகாதாரத்துக்கும் ஒரு டொக்டர் பொறுப்பு, அவரோடு வீடு வீடாகப் போகும் ஓர் அணி. நூறு வருடமாக அந்த அமைப்பு நிற்கிறது. வாட்டில் நோயாளி உங்களைத் தேடி வருவார். இங்கே, இன்னும் நோயாளி ஆகாதவரை நீங்கள் தேடிப் போகவேண்டும். போவது உங்கள் கால்கள் அல்ல, உங்கள் அணியின் கால்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மிட்வைப், என்பது கணக்கு. ஆளணி குறைந்த இடங்களில் ஒரு மிட்வைப் இரண்டு பகுதிகளைச் சுமக்கிறார். எந்த வீட்டில் பிள்ளை பால் குடிக்கவில்லை, எந்த வீட்டில் புருஷன் அடிக்கிறான், எந்தப் பெண் நாலாவது பிள்ளையை மறைக்கிறாள் என்பது அவருக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரிந்தது உங்கள் மேசைக்கு வருமா வராதா என்பதில்தான் உங்கள் தலைமைத்துவம் முழுவதும் இருக்கிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் வேலை செய்த ஒரு பிரிவில், கெட்டிக்காரரும் நேர்மையானவருமான ஓர் எம்.ஓ.எச். இருந்தார். பிரிவின் ஊழியர்கள் கூடும் மாதாந்த மாநாட்டில் ஒரு மிட்வைப்பை எழுப்பி, கர்ப்பிணிகளை ஏன் எட்டு வாரத்துக்கு முன் பதியவில்லை என்று கேட்டு, இருபத்தைந்து பேர் முன்னால் ஏசினார். அந்த அம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது. அடுத்த மாதத்திலிருந்து அவருடைய பகுதியில் பிந்திய பதிவே இல்லை. மற்றப் பகுதிகளிலும் இல்லாமற்போனது. சுவரில் தொங்கிய வரைபடம் வடிவாக ஏறிக்கொண்டே போனது. டொக்டர் சந்தோஷப்பட்டார், மேலிடம் பாராட்டியது.

உண்மையில் நடந்தது வேறு. பிந்தி வந்த தாய்மாரின் கடைசி மாதவிடாய்த் திகதியைச் சிலர் தள்ளி எழுதினார்கள். சிலர் பதியாமலே விட்டார்கள். அப்படி விடுபட்ட ஒரு தாய் ஏழாம் மாதத்தில், பிரஷர் ஏறி, வலிப்பு வந்து வைத்தியசாலைக்கு வந்தார். தாய் பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. புத்தகங்களில் நடப்பது எனக்கும் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அது தாய் சேய் பக்கம், என்னுடைய பக்கம் அல்ல என்று வாய் திறக்காமல் இருந்தேன். அந்த மௌனத்தை நான் இன்னும் சுமக்கிறேன்.

அதனால்தான் உங்களுக்கு முதலாவதாகச் சொல்கிறேன்: கெட்ட செய்தி கொண்டுவருபவருக்கு உங்கள் கந்தோரில் கதிரை கொடுங்கள். தவறு நடந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், எழுத்தில் விளக்கம் வேண்டுமென்றால் வாங்குங்கள். பொறுப்புக் கேட்பது வேறு, சபையில் வெட்கப்படுத்துவது வேறு. முதலாவது ஒழுங்கைத் தரும். இரண்டாவது அழகான பொய்யைத் தரும்.

நான் சொன்ன அந்தச் சிறந்த எம்.ஓ.எச். மாநாட்டை எப்படி நடத்தினார் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை அப்படியே எடுத்துச் செய்யலாம். வழக்கமாக மாநாடு சுற்றறிக்கை வாசிப்பில் தொடங்கும். ஒரு மணித்தியாலம் அதிலேயே போகும், பின்வரிசை நித்திரை கொள்ளும். அவர் சுற்றறிக்கைகளைப் பிரதி எடுத்து முதல் நாளே கொடுத்துவிடுவார். மாநாடு தொடங்கியதும் சேவையில் ஆகக் குறைந்த மிட்வைப்பைப் பார்த்து, "இந்த மாதம் உங்களுக்கு நித்திரை வராமல் செய்த வீடு எது?" என்று கேட்பார். அதன்பின் அடுத்தவர். பரிசோதகர்கள், தாதிய சகோதரி, நான் எல்லோரும் கடைசி. பெரியவர்கள் முதலில் பேசிவிட்டால் சின்னவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். சொல்லப்பட்டதைப் பலகையில் எழுதுவார். பக்கத்தில் யார் பொறுப்பு, எந்தத் திகதி என்று எழுதுவார். தன் பெயரையும் எழுதுவார். அடுத்த மாநாடு அந்தப் பலகையிலிருந்துதான் தொடங்கும். தான் செய்வதாகச் சொன்னதைச் செய்யாவிட்டால், எல்லோர் முன்னாலும், "நான் செய்யவில்லை, மன்னியுங்கள்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு, அந்தக் கந்தோரில் யாரும் எதையும் மறைக்கவில்லை.

இது வெறும் மனிதப் பண்பு அல்ல, நோய்த்தடுப்பின் தொழில்நுட்பமே இதில்தான் தங்கியிருக்கிறது. டெங்குவை எடுங்கள். சந்தேகம் வந்தவுடனேயே நோயை அறிவிக்கும் எச் 544 படிவம் வைத்தியசாலையிலிருந்து உங்களுக்கு வரவேண்டும், இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரிக்கவேண்டும். வாரம் முடிய எச் 399 என்ற வாராந்த அறிக்கை தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகவேண்டும். முட்டை நுளம்பாவதற்கு ஏழு தொடக்கம் பத்து நாள் போதும். வாட்டில் படிவம் மூன்று நாள் கிடந்து, தபாலில் இரண்டு நாள் கிடந்து, உங்கள் மேசையில் ஒரு நாள் கிடந்தால், அந்த வீட்டுக் குடம்பி பறந்துவிடும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு மனிதர். வாட்டில் படிவம் நிரப்பும் தாதியின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் படிவம் விரைவாக வரும். முறைப்பாட்டுக் கடிதம் அந்த வேகத்தைத் தராது.

2017இல் நாட்டில் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு சந்தேகிக்கப்பட்டது, நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடம் கொழும்பு பெரிதாக விழித்துக்கொண்டது நடுப்பகுதியில், தென்மேல் பருவமழையோடு. எங்களுக்கோ அது மார்ச் மாதத்திலேயே கிண்ணியாவில் வந்துவிட்டது. வடகீழ் மழை ஒக்டோபரிலிருந்து பெய்து தை மாசியில் ஓயும், அதன் பின்னால் எங்கள் டெங்கு வரும். மேல் மாகாணத்தின் நாள்காட்டியை வைத்துத் திருகோணமலையில் வேலைத்திட்டம் போட்டால் எப்போதும் பிந்திவிடுவோம். இதைச் சொல்லித் தர எந்தப் பட்டப்படிப்பும் தேவையில்லை, பத்து வருட வாராந்தப் பதிவேட்டை விரித்து வைத்தால் தெரியும். ஆனால் அதை விரித்து வைக்க, போன எம்.ஓ.எச். அதைப் பத்திரமாக விட்டுப் போயிருக்க வேண்டும்.

அந்த வருடம் கற்ற இன்னொன்று: கிணறுகள். கொழும்பிலிருந்து வந்த அணிகள் பூச்சாடி, ரயர், பீலி என்று தேடின. எங்கள் கரையோர ஊர்களில் பாவிக்காத கிணறுகளும், தண்ணீர் பிடித்துவைக்கும் சீமெந்துத் தொட்டிகளும்தான் பெரிய தலையிடி. புகை அடிப்பதால் கிணற்றுக்குள் இருக்கும் குடம்பி சாகாது. கிணற்றில் மீன் விடவேண்டும், வலை போடவேண்டும், அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவேண்டும். வழக்குத் தொடரும் அதிகாரம் எங்களுக்கு இருக்கிறது, தேவையான இடத்தில் பயன்படுத்தினோம். ஆனால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜும்ஆவுக்குப் பிறகு சொல்லப்பட்ட இரண்டு நிமிடம், நான் போட்ட வழக்குகள் எல்லாவற்றையும்விடக் கூடுதலான கிணறுகளை மூடவைத்தது. நீங்கள் போய் முதல் மாதத்திலேயே பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, கோயில் பரிபாலன சபை, விகாரையின் தேரர், பாடசாலை அதிபர்கள், மீனவர் சங்கம் எல்லோரையும் சும்மா போய்ச் சந்தியுங்கள். ஒன்றும் கேட்காமல் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். உதவி கேட்கும் நாளில் அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது. உள்ளூராட்சி சபையையும் அப்படித்தான். குப்பை அள்ளும் லொறி அவர்களுடையது, அது ஓடாவிட்டால் உங்கள் நுளம்புத் திட்டம் கடதாசியில் மட்டும் இருக்கும்.

நோய் இல்லாத நேரத்தில் அணியைக் காப்பது, நோய் உள்ள நேரத்தில் நடத்துவதைவிடக் கடினம். மலேரியாவின் கதை உங்களுக்குப் படிப்பில் வந்திருக்கும். 1963இல் முழு நாட்டிலும் 17 பேருக்குத்தான் மலேரியா. வென்றுவிட்டோம் என்று கை தளர்த்தினார்கள். அந்தத் தசாப்தம் முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லை, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. சான்றிதழ் கிடைத்துச் சில மாதங்களுக்குள் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற, மலேரியாவைப் பரப்பக்கூடிய புதிய நுளம்பை மன்னாரில் கண்டுபிடித்தார்கள். அது ஊர்க் கிணற்றிலும் தொட்டியிலும் வளரும் இனம். கண்டுபிடித்தது யார்? நோயே இல்லாத இடத்தில், பூச்சியம் பூச்சியம் என்று எழுதிக்கொண்டே தினமும் கிணற்றில் அகப்பை போட்டுப் பார்த்த களப் பணியாளர்கள். அவர்களுக்குப் பாராட்டு விழா நடப்பதில்லை. உங்கள் பிரிவிலும் அப்படியொருவர் இருப்பார். பூச்சியம் எழுதியவரின் பதிவேட்டையும் உட்கார்ந்து வாசியுங்கள், கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தவேண்டாம்.

தொழில்சார் சமூகம் பற்றிக் கேட்டீர்கள். கொழும்பில் சமூக மருத்துவர்களுக்கும் மருத்துவ நிர்வாகிகளுக்கும் தனித்தனிக் கல்லூரிகள் என்ற பெயரில் தொழில்சார் அமைப்புகள் இருக்கின்றன. வருடாந்த அமர்வுகளுக்குப் போங்கள், முடிந்தால் உங்கள் பிரிவின் ஆய்வொன்றை எழுதிக்கொண்டு போங்கள். தொழிற்சங்கங்களும் இருக்கின்றன. நானும் என் சங்கத்துக்குச் சந்தா கட்டியவன், கொடுப்பனவுக்கும் பதவி உயர்வுக்கும் அது வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் என்ன பிழைத்தது என்று இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய ஆள் அங்கே கிடைக்க மாட்டார். அந்த ஆள் பக்கத்துப் பிரிவு எம்.ஓ.எச்.தான்.

இந்த மாவட்டத்தின் புவியியலைப் பாருங்கள். குச்சவெளியிலிருந்து வெருகல் வரை கரை நீண்டு கிடக்கிறது, உள்ளே கந்தளாய், தம்பலகாமம், மொறவெவ, கோமரங்கடவல. 2009இல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, நாங்கள் துறையில் பாதைக்குக் காத்து நிற்போம். வாகனத்தை ஏற்றிக் கடக்கும் மிதவையை இங்கே பாதை என்றுதான் சொல்வோம். மூதூருக்கு வள்ளத்தில் போவோம், தடுப்பூசிக் குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. அந்தக் காத்திருப்பில்தான் பல பிரிவுகளின் ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்தோம். யார் பகுதியில் வயிற்றோட்டம், யாரிடம் குளோரின் மிச்சம் என்பதெல்லாம் துறையடியில் தெரிந்துவிடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிண்ணியா வைத்தியசாலையை அழித்தபோது, முதல் நாட்களில் முகாம்களில் மலசலகூடம் வெட்டியதும் கிணறு இறைத்ததும் அந்தத் துறையடிப் பழக்கத்தின் பலத்தில்தான். சுற்றறிக்கை பிறகு வந்தது.

இப்போது பாலம் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, ஆனால் துறையடி இல்லை. அதை நீங்கள் வேண்டுமென்று உண்டாக்கவேண்டும். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கந்தோரில் நடக்கும் கூட்டம் அதுவல்ல. அங்கே எல்லோரும் தங்கள் வரைபடத்தைக் காட்டுவார்கள், காட்டத்தான் வேண்டும். நான் சொல்வது அதற்கு வெளியே. எல்லையில் ஒட்டிய இரண்டு மூன்று பிரிவுகளின் எம்.ஓ.எச்.மார், ஒரு பரிசோதகர், ஒரு தாதிய சகோதரி, முடிந்தால் வைத்தியசாலையிலிருந்து ஒரு வி.ஓ.ஜி. (மகப்பேற்று நிபுணர்) அல்லது குழந்தை வைத்தியர். இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை, ஒரே ஒரு சம்பவம். வெற்றிக் கதை வேண்டாம், பிழைத்ததைப் பேசுங்கள். கால்நடை வைத்திய அதிகாரியையும் கூப்பிடுங்கள். நாய்க்கடியும் எலிக்காய்ச்சலும் உங்கள் இருவருக்கும் பொதுவானவை. கந்தளாய், தம்பலகாமம் வயல்களில் விதைப்புக் காலத்தில் எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் கொடுக்கப் போகும் பரிசோதகருக்குக் கமக்கார அமைப்பின் தலைவரைத் தெரிந்திருப்பது மருந்தளவு முக்கியம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். எங்கள் ஆட்கள் காய்ச்சலுக்கு முதலில் போகும் இடங்களில் சித்த வைத்தியரும் ஒருவர். எந்த அறிகுறியைக் கண்டால் உடனே வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும் என்று அவர்களோடு ஒரு மாலை பேசினால் உயிர் மிஞ்சும்.

எப்படிப் பேசவேண்டும் என்பதற்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது: தாய்மரண மீளாய்வு. நாட்டில் நடக்கும் ஒவ்வொரு தாய்மரணமும் களத்திலும் வைத்தியசாலையிலும் விசாரிக்கப்பட்டு, தேசிய மட்டத்தில் மீளாய்வுக்குப் போகிறது. பெயர் சொல்வதில்லை, பழி சொல்வதில்லை. முடிவெடுக்கப் பிந்தியதா, போய்ச் சேரப் பிந்தியதா, சேர்ந்தபின் சிகிச்சை பிந்தியதா என்றுதான் பார்ப்பார்கள். இந்தச் சின்ன நாடு தாய்மரணத்தில் இவ்வளவு தூரம் இறங்கி வந்ததற்கு அந்த ஒழுக்கம் ஒரு பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். அதே ஒழுக்கத்தை டெங்குவுக்கும், பாடசாலை உணவு நஞ்சாதலுக்கும், தடுப்பூசி தவறிய பிள்ளைக்கும் கொண்டுவாருங்கள். இறப்பு நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளுங்கள், வேகத்துக்கு நல்லது. அதில் நோயாளியின் பெயரும் படமும் போகக்கூடாது, யாரையும் ஏசவும் கூடாது. ஏச்சு ஒருமுறை அங்கே எழுத்தில் விழுந்தால் அழியாது.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். இந்த மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழ்கிறோம், எந்தப் பக்கமும் தனிப் பெரும்பான்மை இல்லை. சுகாதார அமைச்சின் சுவசிரிபாயவிலிருந்து வரும் கடிதங்கள் பல நேரம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ்ப் பிரதி பிந்தி வரும், சில வேளை வராது. உங்கள் மிட்வைப்மார் விளங்காததை விளங்கியதாகக் காட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், கேட்க வெட்கம். மாநாட்டில் ஒருவரை வைத்துப் பேச்சுத் தமிழில் அதைச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள், தாய்க்கு எப்படிச் சொல்வாரோ அப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், அதற்காகச் சொற்களைத் தேடித் தேடி உருவாக்கினார். ஒரு பிரசவ அறிவுறுத்தலை நாம் தமிழில் சொல்ல முடியாதென்பதற்கு நியாயம் இல்லை. நீங்களோ சிங்களம் படியுங்கள். கோமரங்கடவலவில் ஒரு தாயிடம் அரைகுறைச் சிங்களத்தில் "பிள்ளை பால் குடிக்கிறதா" என்று கேட்ட தமிழ் டொக்டரை அந்த ஊர் இன்னும் விசாரிக்கிறது.

கடைசியாக, நீங்கள் இடமாற்றமாகிப் போவீர்கள். எல்லோரும் போவார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு நாட்டைவிட்டே போனவர்களும் நிறைய, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வருடம் பெற்றோல் இல்லாமல் மிட்வைப்மார் வெயிலில் நடந்து வீடுகளுக்குப் போனார்கள், தாய்மாருக்குக் கொடுக்கும் சத்துமா திரிபோஷ இல்லாமல் வெறுங்கையோடு. அவர்கள் இன்னும் இங்கேதான். எம்.ஓ.எச். மாறுகிறார், பிரிவு மறந்துவிடுகிறது, அடுத்தவர் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார் என்பதுதான் இந்த அமைப்பின் நோய். அதற்கு மருந்தாக முதல் நாளிலேயே ஒரு கோப்புத் திறவுங்கள். உங்கள் நண்பர்கள் சொன்ன கோப்பு அல்ல. எந்த ஊரில் யாரிடம் பேசவேண்டும், எந்த ஒழுங்கையில் பதியாத குடும்பங்கள் இருக்கின்றன, எந்த முயற்சி தோற்றது, ஏன் தோற்றது என்று நீங்கள் கையால் எழுதும் கோப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் மூத்த மிட்வைப்பையும் மேற்பார்வைப் பரிசோதகரையும் பக்கத்தில் இருத்தி வாசித்துத் திருத்துங்கள். அதில் நீங்கள் விட்ட பிழையும் இருக்கட்டும்.

முதல் பக்கத்தில், பாவிக்காத கிணறுகளின் பட்டியலை வையுங்கள். ஒக்டோபரில் மழை தொடங்கிவிடும்.